ராசி பார்க்காமல் வாங்கிய தையல் மெஷின்

பழைய பொருள் எதையாவது வாங்கி வந்தால் எங்கள் சொந்தத்தில் விலையைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, "எதுக்கு விக்கிறாங்களாம்?" என்பதுதான். கடன்பட்டு விற்றார்களா, தொழில் நொடித்ததா, வைத்திருந்தவர் தவறிவிட்டாரா? எதுவாக இருந்தாலும் அந்தப் பொருளுக்கு ராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு இது பல வருஷமாக மனசை உறுத்தும் விஷயம்.

நான் மதுரையில் வீட்டிலேயே பிளவுஸ், பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். என் மெஷின் சிங்கர் 15கே. அந்த 'கே' ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். அந்தத் தொழிற்சாலையையே 1980இல் மூடிவிட்டார்கள். ஆக, எப்படிக் கணக்குப் போட்டாலும் என் மெஷினுக்கு என்னைவிட வயது அதிகம்.

பார்வை மங்கியதால் கடையை எடுத்துவிட்ட ஒரு தையல்காரரிடம் வாங்கினேன். அத்தைக்கு மனசே ஒப்பவில்லை. "கடைய மூடினவரு மெஷின் நமக்கு எதுக்கும்மா? புதுசா தவணையில எடுத்துக்கலாமே" என்றார். "அத்தை, அவர் மூணு பிள்ளைங்களையும் இந்த மெஷினை மிதிச்சுத்தான் படிக்க வச்சிருக்கார்" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆனால் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் தொடவிட்டார். அதில் எனக்கும் சந்தோஷம்தான்.

நான் பார்த்ததெல்லாம் வேறு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீலைக் கையால் சுற்றினேன். எங்கும் இடறாமல் ஓடியது. ஊசிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன், ஆட்டம் இல்லை. பாப்ளின் துண்டை நாலாக மடித்து ஒரு தையல், அதையே ஒற்றையாக விரித்து ஒரு தையல். இரண்டிலும் நூல் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி விழுந்தது. இவ்வளவு காலம் ஓடியும் தேயாத இரும்பு, இனிமேல் எனக்காகத் தேயப்போவதில்லை. புது மெஷினில் இந்தத் தேய்மானச் சோதனையைச் செய்யவே முடியாது. அது பத்து வருஷம் ஓடுமா என்று தெரிந்துகொள்ள நாம்தான் பத்து வருஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும். உதிரி பாகத்துக்கும் கவலை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இதே அமைப்பைப் பின்பற்றி ஏராளமான மெஷின்கள் செய்தார்கள். நம் ஊரிலும் செய்தார்கள். அதனால் ஊசியும் பாபினும் தையல் சாமான் கடையில் இன்றைக்கும் கிடைக்கின்றன.

உருக்கிய தங்கத்துக்கு மட்டும் ஏன் யாரும் ராசி பார்ப்பதில்லை? அடகில் மூழ்கிய நகை என்றால் முகம் சுளிக்கிறோம். அதையே உருக்கி வேறு வளையலாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அட்சய திரிதியைக்கு வரிசையில் நின்று வாங்குகிறோம். யார் எந்தக் கஷ்டத்தில் விற்றது என்று அந்த வளையலிடம் ஒருவரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு எங்கள் வீட்டில் முதலில் புதுத்துணி போடுவதில்லை. பெரியவர்கள் உடுத்தித் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியில்தான் சுற்றுவோம். என் மகளுக்குத் தூளி கட்டியது அத்தையின் அம்மா கட்டிய சுங்குடிச் சேலையில். தூளியைக் கட்டிவிட்டவர் அத்தையேதான். உறவுக்காரர் கைபட்டால் ஆசீர்வாதம், ஊர் பேர் தெரியாதவர் கைபட்டால் தோஷம் என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரியாதவர் உழைப்பும் உழைப்புதானே.

எல்லாவற்றையும் பழையதாக வாங்குவேன் என்று நினைக்க வேண்டாம். பழைய ஹெல்மெட் வாங்கவே மாட்டேன். ஒருமுறை பலமாக அடி வாங்கினால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கிவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அதேபோல, உள்ளே திறந்து பார்க்க முடியாத எந்த மின்சாரச் சாமானும் வேண்டாம். இதில் ராசிக்கு வேலை இல்லை. சோதிக்க வழியில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் "எதுக்கு விக்கிறாங்க?" நல்ல கேள்வி. பொருளில் கோளாறு இருந்தால் அங்கேதான் வெளிப்படும். விற்கிறவரின் கஷ்டத்தைக் குறையாக எழுதிவைக்க அதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மெஷினை ஒருவர் துடைத்து, எண்ணெய் விட்டு, பாபின் டப்பாவோடு சேர்த்து நம்மிடம் கொடுக்கிறார். அதை மரியாதையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அவரிடம் பேரம் பேசவில்லை.

என்னிடம் தையல் பழகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது சொந்தமாக ஒரு மெஷின் வேண்டுமாம். சிம்மக்கல் பக்கம் ஒரு வீட்டில் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். அவள் அம்மாவுக்கும் அதே பழைய தயக்கம். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறோம். விற்கிற அம்மாவிடமே உட்கார்ந்து பேசட்டும். நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் பாப்ளின் துண்டைத் தைத்துப் பார்த்துவிடுவோம்.