கையெழுத்து வாங்கின ஜனவரி

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்து கவர்மெண்ட் ஹைஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிறேன். கொரோனாவால 2020 மார்ச்ல பூட்டின ஸ்கூல 2021 ஜனவரி 19ந்தேதி பத்தாவதுக்கும் பன்னண்டாவதுக்கும் திறக்கலாம்னு கவர்மெண்ட் சொன்னப்போ சந்தோஷத்தை விட வயித்துல ஒரு கலக்கம்தான் முதல்ல வந்துச்சு, ஏன்னா வீட்ல மாமியாருக்கு சுகர், தடுப்பூசி அப்போதான் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு போட ஆரம்பிக்க இருந்தாங்க, எங்க டர்ன் எப்போன்னே தெரியாது. நவம்பர் மாசமே இப்படித்தான் 16ந்தேதி திறக்கிறோம்னு சொல்லி, பேரண்ட்ஸை கூப்பிட்டு கருத்து கேட்டு, கடைசில வேணாம்னு தள்ளி வச்சாங்க. அதனால இதுவும் தள்ளிப்போயிடும்னு நெனச்சேன். போகல.

ஒரு கிளாஸுக்கு 25 பேர்தான், மாஸ்க், சானிடைசர், பசங்களுக்கு ஜிங்க் மாத்திரை விட்டமின் மாத்திரை எல்லாம் வந்துச்சு. காய்ச்சல் பாக்குற கன் இருக்கே, அதை கேட்ல நின்னு நான்தான் புடிக்கணும். மூணு நாலு கிலோமீட்டர் வெயில்ல சைக்கிள் மிதிச்சு வர்ற பையன் நெத்தில வச்சா 38 காட்டும், பாவம் அவன் மொகம் அப்படியே செத்துப்போயிடும், வேப்பமரத்தடில பத்து நிமிஷம் உக்காருடான்னு சொல்லிட்டு திரும்ப வச்சா 36. பனி விழுற காலைல சீக்கிரம் வந்தவனுக்கு 33 காட்டும். நெஜமாவே 33ன்னா ஒடம்பு ஆபத்தான அளவுக்கு குளுந்து போச்சுன்னு அர்த்தம், ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும், சயின்ஸ் டீச்சர் நானே அதை நோட்ல எழுதி கையெழுத்து போட்டேன். ஒருநாள் ஒருத்தன் கேட் தாண்டி உள்ள போனதும் மாஸ்க்கை கழட்டி காம்பவுண்ட் சுவத்துக்கு மேல வெளிய நின்ன கூட்டாளிக்கு தூக்கி போடுறான். திட்டுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

ஆனா இப்போ வரைக்கும் உறுத்துறது அந்த சம்மதக் கடிதம்தான். பெத்தவங்க கையெழுத்து இல்லாம புள்ளைய உள்ள விடக்கூடாதுன்னு ரூல். நானும் இன்னொரு சாரும் வீடு வீடா போனோம். நூறு நாள் வேலைக்கு கிளம்பிட்டிருந்த ஒரு அம்மா, கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டாங்க, "ஏன் டீச்சர், புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா இந்த பேப்பர் யாருக்கு ஒதவும், எங்களுக்கா உங்களுக்கா?" நான் ஒண்ணும் சொல்லல, மை டப்பாவ நீட்டினேன். அது எங்களுக்குத்தான்னு அந்தம்மாவுக்கும் தெரியும்.

அப்படி போனப்போதான் நல்லா படிக்கிற ஒரு பொண்ணு வீட்டுக்கும் போனோம். ஒன்பதாவதுல உடல் உறுப்பு படமெல்லாம் அவ வரைஞ்சதைத்தான் மத்ததுங்களுக்கு காட்டுவேன். ஆன்லைன் கிளாஸுக்கு போன் இல்ல, கல்வி டிவில பாடம் வர்ற நேரத்துல வீட்ல கரண்ட் இருக்காது. அவ இல்ல. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு போயிருக்காளாம், ஆகஸ்ட்லேர்ந்தே. அவங்கப்பா திண்ணைல உக்காந்துகிட்டு சொன்னார், "அங்க டெம்பரேச்சர் பாத்துத்தான் உள்ள விடுறாங்க டீச்சர், பயமில்ல. ஸ்கூல்லதான் கூட்டம்." பதினஞ்சு வயசு பொண்ணை அங்க யாரு சேத்தாங்கன்னு கேட்டதுக்கு பதில் இல்ல. கொரோனாவுக்கு பயந்து ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்ன அதே வீட்டு வாசல்ல காலைல அஞ்சு மணிக்கு மில்லு வண்டி வந்து நிக்குது, வண்டிக்குள்ள 25 பேர்தான்னு ரூல் போட யாரும் இல்ல.

ஸ்டாஃப் ரூம்ல நாங்க பத்து மாசமா பேசினது முழுக்க திறந்தா என்ன ஆகும்ங்கிறதுதான். பூட்டி இருந்தப்போ என்ன ஆச்சுன்னு கணக்கெடுக்க ஒரு ஆள் கிளம்பல, நானும்தான். சம்பளம் மாசாமாசம் வந்துச்சுல்ல. இதை எழுதுறதுக்கே கூச்சமா இருக்கு, ஆனாலும் எங்க பயம் பொய்யில்ல, ரெண்டாவது அலைல மே மாசம் எங்க சர்க்கிள்லயே தெரிஞ்ச ஆளுங்க போனாங்க, திறக்காதீங்கன்னு சொன்னவங்களை குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பிப்ரவரி கடைசில ஆல் பாஸ்னு அறிவிச்சாங்க, மார்ச் 22லேர்ந்து ஒன்பது, பத்து, பதினொண்ணுக்கு மறுபடி லீவு. ரெண்டு மாசம்தான் நடந்துச்சு, அவ்ளோ கையெழுத்தும் அதுக்குத்தான்.

ஆகஸ்ட் கடைசில மார்க் ஷீட் வாங்க அந்த பொண்ணு வந்தா. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருப்பா போல, தலைல பஞ்சு ஒட்டியிருந்துச்சு. பதினொண்ணாவது சேரு, பக்கத்து ஊர் ஹெச்எம்கிட்ட நான் பேசுறேன்னு சொல்லிட்டே இருக்கேன், அவ பேப்பரை திருப்பி திருப்பி பாக்குறா. அந்த வருஷம் எல்லாருக்கும் தேர்ச்சின்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு.

"மார்க்கே இல்லையே டீச்சர்?"

"யாருக்குமே இல்லடா."

"நான் ஒரு நாள் கூட வரலையே, அப்புறம் எப்படி பாஸு?"

வெளிய அவங்கப்பா டிவிஎஸ்ல ஹாரன் அடிச்சார். ஓடிட்டா.