பந்து இல்லாமல் நின்ற ஒரு வருசம்

1944ஆம் ஆண்டு பரோ தீவுகளில் உதைபந்தாட்ட லீக் நடக்கவில்லை. உலக யுத்த காலம், பிரித்தானியப் படை 1940இலேயே வந்து தீவுகளில் குந்திவிட்டது, ஆகவே ஏதாவது பாதுகாப்புக் காரணமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மைக் காரணம் பந்துத் தட்டுப்பாடு. ஆள் இருக்கு, மைதானம் இருக்கு, உதைக்கப் பந்து இல்லை! சரி என்று அந்த வருசத்தை விட்டுவிட்டு 1945இல் மறுபடி தொடங்கியவர்கள் இன்றுவரை நிறுத்தவில்லை. 2020இல் கொரோனா வந்து உலகமே மைதானங்களைப் பூட்டி வைத்திருந்தபோதுகூட மே 9ஆம் திகதி பார்வையாளர் இல்லாமல் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் இன்னும் கூட்டம் போட்டு யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

எங்கே இருக்கிறது என்று தேடுபவர்களுக்கு: வட அத்திலாந்திக்கில், ஐஸ்லாந்துக்கும் நோர்வேக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடுவில் 18 தீவுகள், டென்மார்க்கின் கீழ் தன்னாட்சி. சனத்தொகை கிட்டத்தட்ட 54,000. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்போதே மூன்றே முக்கால் இலட்சம் பேருக்கு மேல். அதாவது எங்களில் ஏழில் ஒரு பங்கு சனம்! இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அந்த லீக் தொடங்கியது 1942இல், அதே வருசம் ஏப்ரலில்தான் யப்பான் விமானங்கள் வந்து திருமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அங்கேயும் இங்கேயும் இருந்தது ஒரே வெள்ளைக்காரன்தான்.

முதல் வருசச் சம்பியன் கிளாக்ஸ்விக் என்ற துறைமுக ஊரின் கழகம். ஆனால் அதிக தடவை வென்றது தலைநகர் தோர்ஷவ்னின் எச்.பி. கழகம், 2020இல் வென்றது அவர்களுடைய 24ஆவது பட்டம். லீக்கின் பெயர் விளம்பரதாரருக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் ஆடும் முறை. மேல் பிரிவில் 10 அணிகள். சாதாரணமாக இப்படியான லீக்கில் ஊரில் ஒன்று, வெளியில் ஒன்று என்று ஒவ்வோர் அணியோடும் இரண்டு தடவை ஆடி 18 ஆட்டத்தோடு முடித்துவிடுவார்கள். அவர்களும் முன்பு அப்படித்தான் ஆடினார்கள். 18 ஆட்டம் ஒரு பருவத்துக்குக் காணாது, அதற்காக அணிகளைக் கூட்ட நாட்டில் அவ்வளவு ஆள் கிடையாது, அதனால் ஒவ்வோர் அணியோடும் மூன்று தடவை என்று மாற்றி 27 ஆட்டம் ஆக்கிவிட்டார்கள். 27 ஒற்றை எண் என்பதால் பாதி அணிகளுக்குச் சொந்த மைதானத்தில் 14 ஆட்டம், மீதிக்கு 13தான். அநியாயம் என்று சண்டை பிடிக்கலாம். ஆனால் பெடியன்களுக்கு ஆட்டம் கூடுதலாகக் கிடைக்கிறதே! குளிர்காலத்தில் இருட்டும் புயலும் என்பதால் மார்ச்சில் தொடங்கி ஒக்டோபரில் முடிக்கிறார்கள். கடைசி இரண்டு இடத்தில் நிற்பவர்கள் கீழே இறங்க வேண்டும்.

கீழே என்றால் அதற்குக் கீழும் மூன்று பிரிவு இருக்கிறது. 54,000 பேருக்கு நாலு படி! பெரிய கழகங்கள் தங்கள் இரண்டாம் அணி, மூன்றாம் அணியைக் கீழ்ப் பிரிவுகளில் இறக்கிவிடுகின்றன. இரண்டாம் அணி எவ்வளவு வென்றாலும் முதல் அணி இருக்கும் பிரிவுக்கு ஏற முடியாது, அது விதி. ஆனால் மேல் அணியில் இடம் கிடைக்காத 18 வயதுப் பெடியன் வாங்கில் குந்தியிருக்காமல் கிழமைக்குக் கிழமை உண்மையான ஆட்டம் ஆடுகிறான்.

ஆளே இல்லாமல் போனால் கழகங்கள் சேர்ந்துவிடுகின்றன. தொண்ணூறுகளில் பட்டம் மேல் பட்டம் எடுத்த கோட்டா ஊர்க் கழகம் 2008இல் பக்கத்து லேர்விக் ஊர்க் கழகத்தோடு இணைந்து விக்கிங்குர் ஆனது, அந்த விக்கிங்குர் 2016, 2017, 2024 என்று மூன்று தடவை சம்பியன். எங்கள் பக்கத்தில் இரண்டு கழகத்தை இணைப்பதா? பெயரில் யார் ஊர் முதலில் வருவது என்பதிலேயே மூன்று கூட்டம் குழம்பிவிடும்.

பயணம் அடுத்த கதை. கிளாக்ஸ்விக் இருக்கும் தீவுக்குக் கடலுக்கு அடியால் ஆறு கிலோமீற்றர் சுரங்கப்பாதை 2006இல்தான் திறந்தது, அதற்கு முன் படகுதான். தெற்கே உள்ள சுடுரோய் தீவுக்கு இன்றும் தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரக் கப்பல். 2009இல் பாலம் திறக்கும்வரை பக்கத்துக் கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகில், ஏறிப் போன ஆட்களுக்கு இது விளங்கும். பாதை அந்தக் கரையில் நின்றால் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தும் பிரயோசனம் இல்லை.

இப்படி ஆடி என்ன கண்டார்கள்? 1988இல் ஃபிஃபாவில் சேர்ந்தார்கள். 1990 செப்டெம்பரில் தேசிய அணியின் முதல் பெரிய தகுதிகாண் ஆட்டம், எதிரணி ஒஸ்ரியா. அப்போது அங்கே ஒழுங்கான புல்தரையே கிடையாது, அதனால் சொந்த ஆட்டத்தைச் சுவீடனில் போய் ஆடினார்கள். கோல் காப்பாளர் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்றார், மர வியாபாரத்தில் வேலை பார்த்த தோர்கில் நீல்சன் கோல் அடித்தார், 1-0. உலகக் கிண்ணம் ஆடிவிட்டு வந்த ஒஸ்ரியா தலையைக் குனிந்துகொண்டு போனது.

ஆனால் ஒரு நாள் ஆட்டம் யாருக்கும் வாய்க்கும். எனக்குப் பெரிதாகத் தெரிவது 2023தான். ஏறக்குறைய 5,000 பேர் வாழும் கிளாக்ஸ்விக்கின் கழகம் சம்பியன்ஸ் லீக் தகுதிகாண் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷை ஊரில் 0-0 என்று மறித்து, பிறகு புடாபெஸ்டுக்கே போய் 3-0 என்று வென்றது. மறுநாளே ஃபெரென்ஸ்வாரோஷ் பயிற்றுநரைத் தூக்கிவிட்டார்கள்! அடுத்து சுவீடனின் ஹக்கன் அணியைப் பெனால்டியில் வென்றார்கள், பிறகு நோர்வேயின் மோல்டேயிடம் மேலதிக நேரத்தில் தோற்றார்கள். கடைசியில் ஐரோப்பியக் கழகங்களின் மூன்றாம் தரப் போட்டியான கொன்ஃபெரன்ஸ் லீக்கின் குழு நிலைக்குப் போன முதல் பரோ கழகம் ஆனார்கள், அங்கே பிரான்சின் லில் அணியோடு 0-0. இது அதிர்ஷ்டத்தில் வராது.

எங்கள் நாட்டில் 2021இல் சூப்பர் லீக் என்று 10 கழகங்களோடு பெரிதாகத் தொடங்கினார்கள், 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அதைத் திருமலையிலிருந்து திருத்த முடியாது. ஆனால் ஏகாம்பரம் மைதானத்திலும் மெக்கெய்சரிலும் நான் பார்த்த போட்டிகளில் பெரும்பாலானவை விலகல் முறை. நாலு மாதம் விடிய எழும்பிப் பயிற்சி எடுத்த கழகம் முதல் ஆட்டத்தில் ஒரு ஓஃப்சைட் தீர்ப்போடு வீட்டுக்குப் போகும், பிறகு பூட்ஸைக் கழற்றி மாட்டினால் அடுத்த வருசம்தான்.

திருமலையிலும் அப்படி ஒரு லீக் நடத்த எட்டுக் கழகம் போதும். ஆளுக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. சனி இரண்டு, ஞாயிறு இரண்டு என்று வைத்தால் 14 கிழமை, சித்திரை வருசம் கழியத் தொடங்கினால் மாரி மழை வந்து மைதானத்தில் தண்ணி நிற்க வெகு முன்பே முடிந்துவிடும். 56 ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் காசு யார் தருவது என்று கேட்பீர்கள். இறுதியாட்டத்தன்று பந்தல், ஒலிபெருக்கி, பிரதம அதிதிக்கு மாலை, சிறப்பு அதிதிக்கு மாலை, கௌரவ அதிதிக்கும் மாலை என்று போகிறதே, முதலில் அந்தக் கணக்கை எடுங்கள் பார்ப்போம்.