எந்த விசாவில் வந்தீர்கள்?

லண்டனில், குடும்ப வன்முறையிலிருந்து வெளியேற நினைக்கும் பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறேன். தமிழ் பேசும் பெண்களின் அழைப்புகள் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளிலிருந்து அழைப்பார்கள். பக்கத்தில் யாரும் இல்லை, பேசலாம் என்று உறுதியானதும் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எந்த விசாவில வந்தீங்க?" என்பது. "தெரியாது அக்கா, பேப்பர் எல்லாம் அவர்கிட்டதான் இருக்கு" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். எம்.எஸ்சி. படித்தவரும் அதைத்தான் சொல்வார், பத்தாம் வகுப்போடு நின்றவரும் அதைத்தான் சொல்வார்.

விண்ணப்பம் போட்டது கணவர். பதில் வந்ததும் அவருடைய மின்னஞ்சலுக்கு. இந்த நாட்டுச் சட்டம் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கணவர் சொன்னதுதான். "ஹோம் ஆபீசுக்கு (உள்துறை அமைச்சகம்) ஒரு மெயில் போட்டா போதும், அடுத்த ஃபிளைட்ல உன்னை ஏத்திடுவாங்க." இதில் பாதி உண்மை இருக்கிறது. உறவு முறிந்துவிட்டது என்று அவர் தெரிவித்தால், மனைவியின் விசாவை முன்கூட்டியே முடித்துவைக்க உள்துறை அமைச்சகத்துக்கு அதிகாரம் உண்டு. மீதியை அவர் சொல்வதில்லை. கணவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ, நிரந்தர உரிமை பெற்றவராகவோ, அகதி அந்தஸ்து பெற்றவராகவோ இருந்து, உறவு முறிந்ததற்கு வன்முறை காரணம் என்றால், அந்தப் பெண் தானே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். ஐந்து ஆண்டுகள் முடிய வேண்டியதில்லை. ஆங்கிலத் தேர்வும் இல்லை, 'லைஃப் இன் தி யூகே' என்ற பொது அறிவுத் தேர்வும் இல்லை. கணவரின் கையெழுத்து எங்கும் தேவையில்லை.

இந்த வழி சும்மா திறக்கவில்லை. 1979-இல் தொடங்கிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 1999-இல் ஒரு சலுகையாக வந்தது. 2002-இல் குடிவரவு விதிகளில் இடம்பெற்றது. ஆனால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. துணைவர் விசாவில் இருப்பவருக்கு அரசு உதவித்தொகை எதுவும் கிடையாது. ரெஃப்யூஜ் எனப்படும் பாதுகாப்பு இல்லங்கள் வாடகைக்கு நம்பியிருப்பது பெரும்பாலும் அந்தப் பணத்தைத்தான். ஆகவே உதவித்தொகை உரிமை இல்லாத பெண்ணுக்கு 'இடமில்லை' என்ற பதிலே கிடைக்கும். சட்டப்படி விண்ணப்பிக்க உரிமை இருக்கும். முடிவு வரும்வரை தூங்க ஓர் அறை இருக்காது. 2012-இல்தான் இதற்கென்று மூன்று மாத அனுமதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் உதவித்தொகை பெறலாம், வேலைக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குள் நிரந்தர உரிமைக்கான விண்ணப்பம் போய்விட வேண்டும். அதற்கான கட்டணம் சுமார் 3,000 பவுண்டு. கையில் காசில்லை என்று காட்டினால் தள்ளுபடி உண்டு.

மூன்று மாதம் என்பது கேட்கத்தான் நீளம். அதற்குள் பாதுகாப்பான இடம், வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி, லீகல் எய்டில், அதாவது அரசு செலவில் கிடைக்கும் சட்ட உதவியில், வேலை செய்யும் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) எல்லாம் அமைய வேண்டும். லீகல் எய்ட் இந்த வழக்குகளுக்கு இன்னும் உண்டு என்பது நல்ல விஷயம். ஆனால் அந்த சொலிசிட்டர்களிடம் இடம் கிடைப்பதுதான் பாடு. குடிவரவு ஆலோசனை சொல்ல எங்களைப் போன்ற பணியாளர்களுக்கு அனுமதி இல்லை. 1999-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி, பதிவு செய்யாதவர் அந்த ஆலோசனை கொடுப்பது குற்றம். இது தெரியாமல், கடை வைத்து ஃபார்ம் நிரப்பித் தருகிற யாரிடமாவது பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அதிகம் பேச வேண்டியது ஆதாரம் பற்றி. "போலீசுக்குப் போகலையே அக்கா, எப்படி நம்புவாங்க?" என்று கேட்பார்கள். போலீஸ் புகார் இருந்தால் நல்லது; கட்டாயம் இல்லை. கணவர் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் குறிப்பு, மருத்துவமனைக் கடிதம், பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுப்பது, சமூகப் பணியாளரின் அறிக்கை, எங்களைப் போன்ற அமைப்பின் கடிதம், மிரட்டி வந்த வாட்ஸப் செய்தி என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சிக்கல் என்னவென்றால் ஜி.பி.யிடம் போகும்போது கூடவே கணவர் போகிறார், அவரே மொழிபெயர்க்கிறார். கையில் இருக்கும் காயம் 'சமையலறையில் வழுக்கி விழுந்தது' என்று கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். தனியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ரிசப்ஷனில் கேட்கலாம், காசு கிடையாது. நம் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடி விழுந்தால்தான் வன்முறை என்ற எண்ணம் இன்னும் ஆழமாக இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சீதன நகையை எடுத்து வைத்துக்கொண்டு தராமல் இருப்பது, அம்மாவோடு ஃபோனில் பேசவிடாதது, விசாவைச் சொல்லி மிரட்டுவது எல்லாம் அதற்குள் அடங்கும். மாமியாரோ கொழுந்தனாரோ செய்த கொடுமையால் உறவு முறிந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே வராது, அப்புறம் கொட்டித் தீர்ப்பார்கள்.

இப்போது விசா அட்டைகள் போய் எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் இ-விசா ஆகிவிட்டது. அந்தக் கணக்கு கணவரின் மின்னஞ்சலிலும் ஃபோன் எண்ணிலும் இருந்தால், தன் உரிமையைத் தானே காட்ட முடியாத நிலை. முடிந்தவர்கள் முதலில் தங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு விடுமுறை என்று அழைத்துப்போய், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வரும் கணவர்களும் உண்டு. அப்படி விடப்பட்டவர் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க வழியில்லாமல் வைத்திருந்தது சட்டவிரோதம் என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 31-இலிருந்து, அப்படிக் கைவிடப்பட்டவர் சென்னையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். பெண்ணைப் பெற்றவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. "பி.ஆர். (நிரந்தர உரிமை) வரட்டும், அதுவரை பல்லைக் கடிச்சிட்டு இரு" என்று அவர்கள் சொல்வதை நான் கோபத்தோடு கேட்டிருக்கிறேன். மகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், "எந்த விசா?" என்று கேட்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். இருவருக்கும் கழுத்தில் அதே விரல் தடம். ஒருவரின் கணவர் பிரிட்டிஷ் குடிமகன், இன்னொருவரின் கணவர் மாணவர் விசாவிலோ பராமரிப்புப் பணியாளர் விசாவிலோ வந்தவர். முதல் பெண்ணுக்கு முன்னால் நிரந்தர உரிமைக்கான பாதை இருக்கிறது. இரண்டாமவருக்கும் 2024 பிப்ரவரி 16 முதல் அந்த மூன்று மாத அனுமதி கிடைக்கிறது, ஆனால் அது முடிந்ததும் நிரந்தர உரிமைக்கு வழி இல்லை. அதை வாங்கினால் இருக்கிற விசாவும் போய்விடும். வேறொரு விசாவுக்குத் தகுதி தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அதனால் இவர்களிடம், சொலிசிட்டரைப் பார்க்கும்வரை அந்தப் படிவத்தை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை இருந்தால் 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றம்) இடமும் செலவுக்குப் பணமும் கேட்கலாம். குழந்தை இல்லையென்றால் அந்தக் கதவும் இல்லை. விசா முடிந்துபோனவருக்கு போலீசிடம் போவதிலும் பயம் இருக்கிறது. போலீஸ் அந்தத் தகவலை உள்துறை அமைச்சகத்துக்குக் கொடுப்பதைத் தடுக்க முழுமையான பாதுகாப்பு இன்னும் வரவில்லை. அந்தப் பயம் வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்று மாதத்தை ஆறு மாதமாக்குங்கள், எந்த விசாவில் வந்தவருக்கும் ஒரே பாதுகாப்பைக் கொடுங்கள் என்பது பெண்கள் அமைப்புகள் நீண்ட காலமாக வைத்துவரும் கோரிக்கை. நானும் அந்தப் பக்கம்தான். இப்போதைக்கு இதை வாசிக்கும் யாருக்காவது தேவைப்பட்டால்: 0808 2000 247 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலையில் கைபேசியிலிருந்து 999-ஐ அழைத்தால், பதிவுக் குரல் அழுத்தச் சொல்லும்போது 55-ஐ அழுத்துங்கள், அழைப்பை போலீசுக்கு மாற்றுவார்கள்.