மரத்தடியில் ஓர் எடை மேடை

ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மலைக் கிராமம் ஒன்றில் குறு அங்கன்வாடி மையத்தை நடத்துகிறேன். ஒரே அறை, ஒரே பணியாளர். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை முதல் அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகவிருக்கும் குழந்தை வரை எல்லோரும் அங்கேதான். வயதுவாரியாகப் பிரித்து உட்கார வைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. பலரும் இதைக் குறையாகவே பேசுகிறார்கள். சேலத்துப் பெரிய நர்சரிப் பள்ளிகளுக்கும் வாய்க்காத பாக்கியம் இது என்பேன் நான்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாய்மார்கள் காலையிலேயே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். மாலையில் மேஸ்திரி பழத்தை எடைபோட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் மையத்துக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் தங்களுக்கென்று ஓர் எடை மேடை வைத்துவிடுகிறார்கள். இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு குச்சி, கொஞ்சம் சணல். தராசு தயார்.

ஒருநாள் ஐந்து வயதுச் சிறுமி மேஸ்திரியாக இருந்தாள். ஒரு தட்டில் எடைக்கல். மூன்று வயதுப் பையன் தன் கூழாங்கற்களை மறுதட்டில் போட்டான். தட்டு இறங்கவில்லை. "இன்னும் மூன்று போடு, தம்பி" என்றாள். அவன் எங்கிருந்தோ ஒரு பெரிய கல்லைத் தூக்கிவந்து வைத்தான். தட்டு ஒரேயடியாக இறங்கிவிட்டது. அவள் முகத்தில் திகைப்பு. அந்தக் கல்லை எடுத்துவிட்டு, சின்னக் கற்களை ஒவ்வொன்றாக வைத்து எண்ணத் தொடங்கினாள். அவனும் கூடவே எண்ணினான். நான்குக்குப் பிறகு ஏழு என்றான்; அவள் திருத்தினாள். நான் திருத்தியிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பான். அவள் திருத்தியபோது கல்லைப் பார்த்தான். எண்ணிக்கை வேறு, எடை வேறு என்பதை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகவே இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் நம் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றியிருக்கிறார் என்று படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

விளையாட விடுவதென்றால் சும்மா உட்கார்ந்திருப்பதல்ல. மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சிறிய கல், கொட்டை எதுவும் சின்னவர்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களே எப்போதும் மேஸ்திரி, சின்னவர்களே எப்போதும் சுமை தூக்கி என்று ஆகிவிட்டால் நான் திட்டுவதில்லை. இன்னொரு நோட்டை அங்கே வைத்துவிடுவேன். இரண்டாவது மேஸ்திரி தானாக முளைத்துவிடுவார். சண்டை அடியாகும்வரை நான் குறுக்கே போவதில்லை.

"எப்போது எழுதச் சொல்லித் தருவீர்கள், டீச்சர்?" என்பதுதான் தாய்மார்களின் கவலை. கூலியில் மிச்சம்பிடித்துப் பிள்ளையைப் படிக்க வைக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி அது. அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது. மூன்று முதல் எட்டு வயதுவரையிலான கல்விக்கு 2022-இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்டமும் விளையாட்டைத்தான் நடுவில் வைக்கிறது என்று சொன்னால் தலையாட்டுவார்கள், நம்பமாட்டார்கள். பேனாவைப் பிடிக்கும் முன் விரல்களுக்குப் பலம் வேண்டும். சணலை முடிச்சுப் போடும் பிள்ளைக்கு அது வந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தை எஸ்டேட் விடுமுறை நாளில், பிள்ளைகளின் விளையாட்டு நேரத்திலேயே, அந்த மரத்தடியில் வைத்திருக்கிறேன். தராசை அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று தாய்மார்கள் முதலிலிருந்து பார்க்கட்டும்.