தேரி

திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து ஆட்களுக்குத் தேரி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, செக்கச்செவேலென்று மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல்காடு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல இடங்களில் உண்டு. பலருக்கும் தெரிந்தது குதிரைமொழித் தேரி. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. யாராவது பேச்சுவாக்கில் சொன்னாலே உள்ளங்கால் சுட ஆரம்பித்துவிடும்.

முழுப் பரீட்சை லீவு என்றால் ஆச்சி வீடுதான். பின்வாசலைத் தாண்டினால் உடைமரம், கொல்லாமரம் (முந்திரியை அங்கே அப்படித்தான் சொல்வோம்), அதற்கப்பால் தேரி. "ஏல, உச்சி வெயில்ல தேரிக்குள்ள போவாத, காலு வெந்துரும்" என்று ஆச்சி கத்தி முடிப்பதற்குள் பாதி தூரம் போயிருப்போம். நிழலுக்கு நிழல் ஓட வேண்டும். பனை நிழல் ஒல்லி. ஓர் ஆள் நிற்கலாம், பின்னால் வருகிறவன் தள்ளிவிடுவான். கொல்லாமர நிழல் கிடைத்தால் ராஜாதான். வீடு திரும்பும்போது காது, தலைமுடி, டவுசர் பை எல்லாம் செம்மண். வெள்ளைப் பனியன் எத்தனை துவைத்தாலும் பழைய நிறத்துக்கு வராது.

ஓடி ஓடி நாங்கள் போய்ச் சேரும் இடம் விடிலி. பதனீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசைக்கு அங்கே அப்படித்தான் பெயர். பனையேறும் மாமா காலையில் இறக்கி வந்ததை அத்தை பெரிய தாச்சியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையுமாக அடுப்பில் தள்ளிக்கொண்டிருப்பார். நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தைப் போடுவார், பொங்கல் அடங்கிவிடும். பாகு இறுக இறுகத் துடுப்பு கிண்டுவது கனமாகும், அத்தை பேச்சைக் குறைத்துக்கொள்வார். சரியான பதம் வந்ததும் மணலில் வரிசையாகப் பதித்து வைத்த சிரட்டைகளில் மளமளவென்று ஊற்றுவார். துடுப்பில் ஒட்டியதை ஓலைத்துண்டில் வழித்து எங்களிடம் நீட்டுவார். ஆறும்வரை பொறுக்க யாருக்கு முடியும்? நாக்குச் சுட்டாலும் துப்ப மனம் வராது. இன்றைக்குக் கடைகளில் வாங்கும் கருப்பட்டியில் அந்தப் புகை வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறேன்.

சமீபத்தில் குடும்பத்தோடு காயாமொழி வழியாகப் போனபோது, சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சில இளைஞர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தமிழ்நாட்டின் சஹாரா" என்று ஒருவர் கேமராவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. தேரி பாலைவனம் இல்லை. பனையும் கொல்லாமரமும் காய்க்கிற நிலம் அது. மழைத் தண்ணீர் மணலில் வழிந்தோடாமல் அப்படியே உள்ளே இறங்குகிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் செம்மணல், நடுவில் சுனை, அடர்ந்த மரங்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா, அதாவது அய்யனார், கோயில் தேடிக் கிளம்பும் எங்கள் பக்கத்து ஜனங்களில் எத்தனையோ குடும்பங்கள் வந்து சேர்வது அங்கேதான்.

இந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்பு. மணலில் கலந்திருக்கும் இரும்புத் தாதுக்கள் காலப்போக்கில் சிதைந்து, ஒவ்வொரு மணியின் மேலும் ஹெமடைட் என்கிற சிவந்த இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மணலை அள்ளி அள்ளி மேடு கட்டுகிறது. மனிதர்களுக்கும் இந்த இடம் புதிதில்லை. இங்கே கிடைத்த கற்கால நுண்கருவிகளைப் பற்றி தொல்லியல் ஆய்வாளர்கள் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். ஊரில் நாங்கள் ஓடி விளையாடிய மணலில் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யாரோ உட்கார்ந்து கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்திருக்கிறார்கள் என்று மகளிடம் சொன்னேன். அவள் உடனே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள்.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. டிசம்பர் நடுவில் கள்ளர் வெட்டுத் திருவிழா. தேரியில் கள்ளனாக வைத்து இளநீரை வெட்டுவார்கள். அது தெறித்து நனைந்த செம்மண்ணை அள்ளப் பெருங்கூட்டம் முண்டியடிக்கும். ஆச்சி வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அந்த மண் ஒரு சின்ன முடிச்சாக எப்போதும் இருந்தது. வயல், வியாபாரம், கல்யாணம், எதற்கும் அதை நம்பினார்கள். எனக்கும் அதில் மரியாதை உண்டு.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஆனி, ஆடியில் காற்று மணலை முகத்தில் அடிக்கும், கண்ணாடி இருந்தால் நல்லது. பதனீர் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை சரியான நேரம். சாலையோரத்தில் ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். டம்ளர் கேட்காதீர்கள், அந்த ஓலை வாசனையோடுதான் குடிக்க வேண்டும்.