கார்டு இருக்கிறவர், இல்லாதவர்

திருப்பூரில் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்தேன். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும், அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயிலும் இலவசமாகக் கொடுக்க உத்தரவு. கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டோம். ஜனங்கள் பையை வட்டத்தில் வைத்துவிட்டு வேப்பமர நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பைகள் மட்டும் சமூக இடைவெளி விட்டு நின்றன!

அரிசி வாங்க வந்தே பார்க்காத முகங்களை அந்த வருஷம்தான் பார்த்தேன். பனியன் கம்பெனி சூப்பர்வைசர், செக்கிங் மாஸ்டர், சொந்தமாக நாலு தையல் மிஷின் போட்டு, பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கிறவர். கார்டு இருக்கிறதா, அவ்வளவுதான் கேட்போம். போன மாதம்வரை சம்பளம் வாங்கியவர், இப்போது ஏழையாகிவிட்டேன் என்று யாரிடமும் சான்று வாங்கி வர வேண்டியதில்லை. 'வசதியானவனுக்கு எதற்கு ரேஷன்?' என்று நானே முன்பெல்லாம் பேசியிருக்கிறேன். அப்புறம் பேசவில்லை.

ஆனால் பின்தெரு லைன் வீட்டில் இருந்த பீகார், ஒடிசா பையன்களுக்கு என் தராசில் ஒன்றும் இல்லை. அவர்கள் கார்டு ஊரில். "சார், சாவல்?" என்று இந்தியில் அரிசி கேட்பார்கள். பில் போடாமல் ஒரு கிலோ கொடுத்தாலும் இருப்பு உதைக்கும். அவர்களுக்குச் சோறு போட்டது அந்த ஜாப் ஒர்க் அண்ணன்தான். சொந்தக் காசில் 5 கிலோ பை கட்டி, டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். கார்டு இல்லாதவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ என்று மத்திய அரசு அறிவித்தபோது மே பாதி ஆகிவிட்டது. அதற்குள் பையன்களில் பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள்.

அண்ணனின் டெம்போ மூன்று வாரம் வந்தது, அப்புறம் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டு ஆர்டர் நின்றதில் பையன்களுக்குச் சம்பளம் போன அன்றே அவருக்கும் பில் பணம் போயிற்று. கொடுக்கிறவர், வாங்குகிறவர் இருவர் அடுப்பும் ஒரே ஆர்டரில்தானே எரிந்தது?

ஜூனில் ஒரு நாள் கடை சாத்தும் நேரம் அவரே வந்தார். கையில், தானம் கொடுக்க வாங்கியதில் மிச்சமான பை ஒன்று.

"அரிசி இருக்குங்களா?"

"இருக்குங்கண்ணா, கார்டைக் கொடுங்க."

கூட்டம் இல்லை. ஆனாலும் பையை வட்டத்தில் வைத்துவிட்டு நின்றார்.