சரயேவோ, வியன்னா, ஆர்ட்ஸ்டெட்டன்: ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் சோஃபியும் போன வழியில

போஸ்னியா தலைநகர் சரயேவோ போறவங்க பெரும்பாலும் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்ட லத்தீன் பாலத்துகிட்ட இறங்கி, அந்த மூலைல நின்னு ரெண்டு போட்டோ எடுத்துட்டு, பக்கத்துல பஷ்சார்ஷியா கடைத்தெருவுல செவாப்பி சாப்பிடப் போயிடுறாங்க. நீங்க போனா அப்படிப் பண்ணாதீங்க. மொதல்ல மூணாம் நம்பர் டிராம் புடிச்சு கடைசி ஸ்டாப் இலிஜாவுக்குப் போங்க. ஊருக்கு வெளில, கந்தக ஊத்து இருக்கிற பழைய குளியல் ஊர் அது. 1914 ஜூன் கடைசில ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசோட பட்டத்து வாரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் தங்கினது இங்கதான், ஹோட்டல் போஸ்னால. ஆஸ்திரியாக்காரங்க காலத்து ஹோட்டல் கட்டடங்க இன்னும் நிக்குது, அங்கேருந்து போஸ்னா நதி ஊத்தெடுக்கிற இடம் வரைக்கும் ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரமா நீளமா ஒரு பாதை போகுது, குதிரை வண்டியும் ஓடுது. நானும் என் மனைவியும் நடந்தே போனோம். அந்த ரெண்டு பேரும் கடைசியா நிம்மதியா இருந்த மூணு நாள் இந்த ஊர்லதாங்கிற நெனப்பு நடக்க நடக்க வந்துட்டே இருந்துச்சு.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இவரை உலகம் செத்த விதத்தை வெச்சு மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்கு. முதல் உலகப்போர் எதனால வந்துச்சுன்னா இவரைச் சுட்டதால, அவ்வளவுதான், அதோட அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். கூடவே ஒரு பொம்பள செத்தாங்களே, அவங்க யாரு, அன்னைக்கு ஏன் அந்தக் கார்ல உக்காந்திருந்தாங்கன்னு யாரும் கேக்குறதில்ல. எனக்கு இந்தப் பயணம் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடிட்டே இருந்துச்சு.

கொஞ்சம் பின்னாடி போயிட்டு வந்துடலாம். ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் 1863 டிசம்பர் 18 கிராஸ் நகரத்துல பொறந்தவர். பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் இவருக்குப் பெரியப்பா. அரியணை இவருக்கு வரும்னு ஆரம்பத்துல யாரும் நெனைக்கல, ஏன்னா பெரியப்பாவுக்கு ருடால்ஃப்னு சொந்தப் பையன் இருந்தார். அந்த ருடால்ஃப் 1889 ஜனவரில மேயர்லிங் வேட்டை பங்களால காதலியோட பொணமா கெடந்தார், அப்புறம் இவரோட அப்பா 1896ல டைஃபாய்டுல போயிட்டார், வரிசை இவர்கிட்ட வந்து நின்னுச்சு. அதுக்கு நடுவுல இவருக்கே டிபி வந்து பொழைக்க மாட்டார்னு ஊரே பேசி, சாகப்போற ஆளாவே நடத்தியிருக்காங்க. அம்மாவும் டிபிலதான் போனாங்க, இவருக்கு அப்ப ஏழு வயசு. அந்தக் கசப்பு கடைசி வரைக்கும் இவர்கிட்ட இருந்துச்சு.

1892 டிசம்பர்ல ட்ரியெஸ்ட் துறைமுகத்துல 'கைசரின் எலிசபெத்' போர்க்கப்பல் ஏறி உலகம் சுத்தக் கிளம்பினார். 1893 ஜனவரில கொழும்பு, கண்டின்னு இலங்கை பாத்துட்டு, அப்புறம் பம்பாய், ஹைதராபாத்னு நம்ம பக்கமும் வந்திருக்கார். ஹைதராபாத்ல நிஜாம் விருந்தாளி, வேலை என்னன்னா வேட்டை. வேட்டைன்னா சும்மா இல்லீங்க, வாழ்நாள்ல 2,70,000 உயிருக்கு மேல சுட்டதா அவரோட வேட்டைக் கணக்கே சொல்லுது. ப்ராக் பக்கத்துல கொனோபிஷ்ட்யேன்னு அவரோட கோட்டை இருக்கு, முன்னாடி ஒரு தடவை போயிருக்கேன், ப்ராக்ல ரயில் ஏறி பெனெஷோவ்ல இறங்கி நடந்தா வந்துடும். உள்ள காரிடார் காரிடாரா செவுரு தெரியாத அளவுக்குக் கொம்பும் பல்லும் பாடம் பண்ணின தலைகளும்தான். எனக்கு வயித்தைப் பொரட்டிடுச்சு, ரொம்ப நேரம் நிக்க முடியல. ஆனா அதே ஆளு வெளில ஒரு ரோஜாத் தோட்டம் போட்டிருக்கார் பாருங்க, அவ்வளவு அழகு, சாகுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஜெர்மனி கைசர் வில்ஹெல்ம் வந்தப்ப கூட இந்தத் தோட்டத்தைக் காட்டியிருக்கார். அவரைக் கொன்ன தோட்டாவும் இப்ப அந்தக் கோட்டைலதான் காட்சிக்கு இருக்கு.

இப்ப சோஃபிக்கு வர்றேன். சோஃபி கோடெக், பொஹீமியால பழைய பிரபு குடும்பம், ஆனா கைல காசு கம்மி. இசபெல்லாங்கிற இளவரசிகிட்ட தோழியா வேலை பாத்தாங்க. நம்மாளு அந்த வீட்டுக்கு அடிக்கடி போக, நம்ம பொண்ணுல ஒருத்தியைப் பாக்கத்தான் வர்றார்னு இசபெல்லா சந்தோஷமா இருந்திருக்காங்க. ஒரு நாள் டென்னிஸ் ஆடுற எடத்துல அவர் கடிகாரத்தை மறந்து வெச்சுட்டுப் போக, மூடியைத் தொறந்து பாத்தா உள்ள இருந்தது வேலைக்காரத் தோழி சோஃபியோட போட்டோன்னு ஒரு கதை சொல்லுவாங்க. எப்படியோ விஷயம் வெளில வந்துச்சு, வியன்னாவே கொந்தளிச்சுச்சு. ஹாப்ஸ்பர்க்ங்கிற அந்த அரச வம்சத்துல கட்டிக்கணும்னா ஆட்சி செஞ்ச இல்ல ஆட்சி செய்யுற குடும்பத்துப் பொண்ணா இருக்கணும், கோடெக் குடும்பத்துக்கு அந்தத் தகுதி இல்ல. பெரியப்பா முடியவே முடியாதுன்னார், இவர் வேற யாரையும் கட்ட மாட்டேன்னு வருஷக்கணக்கா நின்னார். கடைசில ஒரு ஒப்பந்தம்: கட்டிக்கோ, ஆனா அவ பேரரசி ஆக முடியாது, பொறக்குற புள்ளைங்களுக்கு அரியணை கிடையாது. ஹோஃப்பர்க் அரண்மனைல சொந்தக்காரங்க, மந்திரிங்க எல்லாருக்கும் முன்னாடி நின்னு இவர் இதுக்குச் சத்தியம் பண்ணிக் கையெழுத்து போட்டது 1900 ஜூன் 28. தேதியைப் பாத்துக்கோங்க. மூணு நாள் கழிச்சு ரைஷ்ஸ்டாட்ல கல்யாணம், பேரரசர் வரல, கூடப்பொறந்த தம்பிங்க வரல. வந்தது சித்தி, அதாவது அப்பா அப்புறமா கட்டிக்கிட்ட மரியா தெரேசாவும் அவங்க பொண்ணுங்களும்தான்.

அதுக்கப்புறம் பதினாலு வருஷம் அந்தம்மா பட்டது எனக்குக் கோவமா வருது. அரண்மனை விருந்துல புருஷன் முன்னாடி போவார், இவங்க சின்னச் சின்ன இளவரசிங்களுக்கெல்லாம் வழி விட்டுட்டு கடைசில வரணும். அரச வண்டில அவர் பக்கத்துல உக்காரக் கூடாது, தியேட்டர்ல அரச பாக்ஸ்ல உக்காரக் கூடாது. பதவி ஏற ஏற ஒண்ணு ரெண்டு சலுகை குடுத்தாங்க, அவ்வளவுதான். சோஃபி, மாக்ஸிமிலியன், எர்ன்ஸ்ட்னு மூணு புள்ளைங்க. வீட்டுல இவர் புள்ளைங்களோட தரைல உக்காந்து விளையாடுற அப்பா, வெளில எதுக்கெடுத்தாலும் வெடிக்கிற ஆளு. ஹங்கேரிக்காரங்களைக் கண்டாலே ஆகாது, அவர் சொன்ன சில கருத்துங்களை இன்னைக்குப் படிச்சா மூஞ்சி சுளிக்க வைக்கும். நல்லவர்னு சர்டிஃபிகேட் குடுக்க நான் வரல.

ஆனா ஒண்ணு. அவர் ராணுவ இன்ஸ்பெக்டர் ஜெனரல், அந்த ஹோதாவுலதான் போஸ்னால பயிற்சி பாக்க வந்தார். ராணுவ அதிகாரியோட மனைவின்னா சோஃபி பக்கத்துல உக்காரலாம், வியன்னா அரண்மனை சட்டம் இங்க செல்லாது. ஜூன் 28 ஞாயித்துக்கிழமை காலைல திறந்த கார்ல, எல்லாரும் பாக்க, புருஷனும் பொண்டாட்டியுமா பக்கத்துல பக்கத்துல. சத்தியம் பண்ணி சரியா பதினாலு வருஷம் ஆன அதே நாள். செர்பியர்களுக்கு அது விடோவ்தான், 1389 கொசோவோ போரோட நினைவு நாள், அந்த நாள்ல ஆஸ்திரிய வாரிசு ஊர்வலம் போனா எரியாம என்ன செய்யும்? எச்சரிக்கை வந்தும் கவர்னர் பொட்டியோரெக் பாதுகாப்பைப் பத்திப் பெருசா அலட்டிக்கல.

நாங்க இலிஜாலேருந்து திரும்பி வர்றப்ப மில்யாட்ஸ்கா ஆத்தங்கரைல இறங்கி அந்த ரோடு முழுக்க நடந்தோம். பெரிய தூரம் கிடையாது. இந்தக் கரைல, போஸ்னியாவை ஆஸ்திரியா ஆள்றதை எதிர்த்த ஆறு பேர் குண்டும் துப்பாக்கியுமா நின்னாங்க. மொத ஆள் கை வரல. சாப்ரினோவிச் பத்தேகால் மணிக்கு முன்னாடி குண்டு வீசினான், அது காரோட பின்னாடி மடிச்சு வெச்ச கூரைல பட்டு உருண்டு அடுத்த வண்டிக்கு அடில வெடிச்சுச்சு. அவன் விஷத்தைத் தின்னுட்டு ஆத்துல குதிச்சான், விஷம் வேலை செய்யல, ஆத்துல தண்ணியும் இல்ல. நான் பாத்தப்பவும் கரண்டைக்கால் அளவு தண்ணிதான் போயிட்டிருந்துச்சு.

ரோட்டோட கோடில வியெச்னிட்ஸா, அப்போ டவுன் ஹால். மஞ்சளும் செவப்பும் பட்டை பட்டையா மூரிஷ் பாணில ரொம்ப அழகான கட்டடம், 1992 முற்றுகைல லட்சக்கணக்கான புத்தகத்தோட எரிஞ்சு, 2014ல தான் மறுபடியும் திறந்தாங்க. அந்தப் படிக்கட்டுலதான் மேயர் எதுவுமே நடக்காத மாதிரி எழுதி வெச்ச வரவேற்பைப் படிக்க, ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் விருந்தாளியா வந்தா குண்டு வீசுறீங்களான்னு பாதில கத்தியிருக்கார். அப்புறம் சோஃபி அவர் காதுல ஏதோ சொல்ல அடங்கிட்டார். அவர் பேச வேண்டிய தாள் அடிபட்ட கார்லேருந்து வந்துச்சு, ஈர ரத்தத்தோட. அதைப் புடிச்சுட்டே பேசி முடிச்சார்.

இந்த எடத்துலதான் எனக்குத் தொண்டை அடைச்சுச்சு. மிச்ச நிகழ்ச்சி வேண்டாம், அடிபட்ட அதிகாரியை ஆஸ்பத்திரில பாக்கப் போறேன்னு அவர் முடிவு பண்றார். சோஃபி கவர்னர் மாளிகைக்குத் தனியா போறதா ஏற்பாடு. அந்தம்மா மாட்டேன்னுட்டாங்க, நானும் கூட வர்றேன்னாங்க. பதினாலு வருஷம் பின்னாடியே நடந்தவங்க, அன்னைக்குப் பக்கத்துல உக்காரணும்னு அவங்களே கேட்டு உக்காந்தாங்க.

ஆஸ்பத்திரிக்கு நேரா கரையோட போகணும்னு ரூட்டை மாத்தினாங்க, டிரைவர் லோய்க்காகிட்ட யாரும் சொல்லல. லத்தீன் பாலத்துகிட்ட பழைய திட்டப்படி வலது பக்கம் திரும்பிட்டார். பொட்டியோரெக் கத்தினார், கார் நின்னுச்சு. நின்ன எடத்துல கவ்ரிலோ ப்ரின்சிப், பத்தொன்பது வயசுப் பையன், ரெண்டே குண்டு. ஒண்ணு அவர் கழுத்துல, ஒண்ணு சோஃபி வயித்துல. காரோட சொந்தக்காரர் ஹாராக் பாதுகாப்புக்குன்னு இடது பக்கப் படில நின்னுட்டிருந்தார், குண்டு வலது பக்கத்துலேருந்து வந்துச்சு. சோஃபி, சாகாத, நம்ம புள்ளைங்களுக்காக உயிரோட இருன்னு அவர் கெஞ்சினதை ஹாராக்தான் பின்னாடி சொன்னார். பதினொன்னரைக்குள்ள ரெண்டு பேரும் இல்ல. (ப்ரின்சிப் சாண்ட்விச் வாங்க வந்தான்னு நெட்ல சுத்துற கதையை நம்பாதீங்க, அதுக்கு ஆதாரமே கிடையாது, அந்த ரூட்டுல எங்கயாவது கார் வரும்னு காத்துட்டுதான் நின்னான்.)

அந்த மூலைல இப்ப சின்ன மியூசியம் இருக்கு. வெளில ஒரு கல்வெட்டு, யாரையும் புகழாம யாரையும் திட்டாம நடந்ததை மட்டும் சொல்லுது. யூகோஸ்லாவியா காலத்துல இந்தப் பாலத்துக்கே ப்ரின்சிப் பேர்தான், தரைல அவன் கால்தடம் பதிச்சு வெச்சிருந்தாங்க, தொண்ணூறுகள் சண்டைல அது போயிடுச்சு. இன்னைக்கும் செர்பியர் நிறைய பேருக்கு அவன் தியாகி, மத்த பல பேருக்குக் கொலைகாரன். அந்நிய ஆட்சியை வெறுத்த ஏழைக் குடியானவன் பையன்ங்கிறது எனக்குப் புரியுது. இருபது வயசு ஆகலன்னு தூக்குல போடல, தெரெசின் ஜெயில்ல டிபி வந்து 1918 ஏப்ரல்ல செத்தான். ஆனா அவன் யாரைச் சுட்டான்னு பாருங்க. தளபதி கொன்ராட் செர்பியா மேல படையெடுக்கணும்னு திரும்பத் திரும்பக் கேட்டப்ப எல்லாம், வேண்டாம், ரஷ்யா வந்துடும், ரெண்டு பேரரசும் அழிஞ்சிடும்னு தடுத்த பெரிய ஆள் இந்த ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். அவர் போன சரியா ஒரு மாசத்துல, ஜூலை 28, வியன்னா போர் அறிவிச்சுச்சு. தடுக்க அவர் இல்ல.

வியன்னால ராணுவ மியூசியம் மெயின் ஸ்டேஷன்லேருந்து நடக்குற தூரம். அந்த கிராஃப் அண்ட் ஷ்டிஃப்ட் கார், ஏ III 118ங்கிற நம்பர் பிளேட்டோட நிக்குது, வலது பக்கம் குண்டு ஓட்டை தெரியுது. சாபம் புடிச்ச கார், வாங்கினவன் எல்லாம் செத்தான்னு ஒரு கதை ஓடுது, பொய், கார் 1914லயே மியூசியத்துக்கு வந்துடுச்சு. பக்கத்துல அவரோட வெளிர் நீல யூனிஃபார்ம், உயிர் போன சாய்வு கட்டில். சோஃபியோட பொருள் எதையாவது தேடினேன், அந்த ரூம்ல எல்லாமே அவரைச் சுத்தித்தான்.

செத்தப்புறமும் விடல. ஹோஃப்பர்க் சேப்பல்ல ரெண்டு பெட்டியையும் வெச்சப்ப சோஃபியோடதைத் தாழ்த்தி வெச்சாங்க, மேல ஒரு ஜோடி வெள்ளை கையுறையும் விசிறியும், ஒரு காலத்துல தோழி வேலை பாத்தவங்கதானேன்னு குத்திக்காட்டுற மாதிரி. ஏற்பாடு பண்ணினது அரண்மனை அதிகாரி மோன்டெனுவோவோ. பொறுக்க முடியாம நூறு பிரபுக்களுக்கு மேல கூப்பிடாமலே ஊர்வலத்துல சேந்து நடந்திருக்காங்க.

இது வரும்னு அவருக்கே தெரியும். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தை அடக்கம் பண்ற கப்பூச்சின் கல்லறைல சோஃபிக்கு எடம் குடுக்க மாட்டாங்கன்னு, உயிரோட இருக்கிறப்பவே தன்னோட ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டைல நிலவறை கட்டி வெச்சுட்டார். நாங்க வியன்னாலேருந்து ரயில்ல பெஹ்லார்ன் போய், டான்யூப் தாண்டி டாக்சில போனோம். 1914 ஜூலைல ராத்திரி இடி மழைல பெட்டிங்களைப் படகுல ஏத்தி இந்த ஆத்தைத்தான் தாண்டினாங்க. மேட்டுல வெள்ளைக் கோட்டை, வெங்காயக் கூம்பு கோபுரங்க. கீழ நிலவறைல ரெண்டு வெள்ளைப் பளிங்குப் பேழை, ஒரே அளவு, ஒரே உயரம், பக்கத்துல பக்கத்துல. கல்யாணத்துல சேந்தவங்க விதியிலும் சேந்தாங்கன்னு லத்தீன்ல எழுதியிருக்கு. 1908ல செத்தே பொறந்த அவங்க குழந்தையும் அங்கயே இருக்கு. என் மனைவி கையெடுத்து கும்பிட்டா, நானும்.

புள்ளைங்க கதை மேல மியூசியத்துல இருக்கு, அதை விட்டுடாதீங்க. பன்னெண்டு, பதினொண்ணு, பத்து வயசுல அனாதை. 1919ல செக்கோஸ்லோவாக்கியா கொனோபிஷ்ட்யேவைப் புடுங்கிக்கிச்சு. 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவை முழுங்கினதும் ரெண்டு பையனையும் டாஹாவ் வதை முகாமுக்கு அனுப்பிட்டாங்க, அங்க கக்கூஸ் கழுவ விட்டிருக்காங்க. மூத்தவர் சில மாசத்துல வெளில வந்தார், இளையவர் பல வருஷம் உள்ளயே. போர் முடிஞ்சதும் மூத்தவர் மாக்ஸிமிலியனை ஆர்ட்ஸ்டெட்டன் ஊர்க்காரங்க மேயரா தேர்ந்தெடுத்தாங்க, அதுவும் சோவியத் படை ஆக்கிரமிச்சிருந்த காலத்துல. கோட்டை இன்னும் குடும்பத்துகிட்டதான்.

போறவங்களுக்கு: குளிர்காலத்துல கோட்டை மூடியிருக்கும், வெப்சைட் பாத்துட்டு கிளம்புங்க, டாக்சியைத் திரும்பி வரச்சொல்லி வெச்சுக்கோங்க, பஸ் ரொம்பக் கம்மி. முடிஞ்சா ஆர்ட்ஸ்டெட்டனை மொதல்ல பாத்துட்டு அப்புறமா சரயேவோ போங்க, அந்த மூலைல நிக்கிறப்ப ரெண்டு பேரும் யாருன்னு தெரிஞ்சு நிப்பீங்க.